வரப்புல ஒரு மீன்!

எங்க வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரி மரத்தை எண்ணிவிடலாம், வரப்புத் தகராறை எண்ண முடியாது. எனக்கும் பெரியப்பாவுக்கும்கூட ஒன்று ஓடுகிறது. வரப்பு மேல் நிற்கிற ஒரே ஒரு மரம். கொட்டை மிஞ்சிப்போனால் வருஷத்துக்கு அஞ்சு கிலோ. வக்கீல் ஃபீஸில் ஒரு தோப்பே வாங்கியிருக்கலாம். பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு மட்டும் வரவில்லை! நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

போன மாசம் மன்னார் வளைகுடாவில் கண்ணாடிப் படகில் போனேன். கீழே பவளப் பாறை. மஞ்சள் முதுகு, உடம்பில் அஞ்சு கறுப்புப் பட்டை... கையகல மீன் ஒன்று, கிட்டே வந்த பெரிய மீனையெல்லாம் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. பேரு 'சார்ஜென்ட் மேஜர்' என்றார் படகுக்காரர். அதானே பார்த்தேன்!

வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைப் புரட்டினேன். இது டாம்ஸல் மீன் குடும்பமாம். பெண் முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். காவல் முழுக்க அப்பாதான். அப்போது உடம்பே நீலம் பாரிக்குமாம். இதே குடும்பத்தில் சில மீன்கள் பாறையில் பாசி வளர்த்து, வேண்டாததைக் களை பிடுங்கி விவசாயமே பண்ணுகின்றன. எல்லைக்குள் மனுஷன் முங்கினாலும் கடிதான்.

'சபாஷ், நம்ம ஜாதி!' என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அங்கேதான் மாட்டினேன். ஆர்தர் மிர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட்டாளியும் 1985-ல் எழுதியது. டாம்ஸல் மீன் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணித் தண்ணீருக்குள் போட்டுக் காட்டினார்கள். முன்பின் தெரியாத மீனின் குரல் என்றால் ஆவேசம். பக்கத்து வீட்டு மீனின் குரல் என்றால் கோபம் குறைவு. 'அட, நம்மாளுதான்' என்கிற நிதானம்!

நாம எப்படி? ஊர் பேர் தெரியாதவன் வந்தால் 'காபி சாப்பிடுங்க'. பக்கத்துக் காட்டுக்காரர் என்றால் வக்கீல் நோட்டீஸ்.

மறுநாள் சாயங்காலம் காட்டுக்குப் போனேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். முப்பது வருஷமாகக் கேட்ட இருமல். மீனுக்கே தெரிகிறது, எனக்குத் தெரியாதா?

"மருந்து சாப்பிட்டீங்களா பெரியப்பா?"

கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம், "வெயில்ல ஏன்டா நிக்கிறே? இப்படி நிழலுக்கு வா."

கேஸா? அது பாட்டுக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். டிக்கெட் பெரியப்பா செலவு!