கற்றதைக் காட்டாத சுண்டெலிகள்

நானுஓயா நிலையத்தில் குளிர்ந்த காலைப்பொழுதில் வண்டியை விட்டு இறங்குகிறவர் முதலில் நாடுவது சூடான தேநீரையே. அதிலுள்ள கஃபீன் சோர்வை ஓட்டுகிறது. அதே கஃபீன் மூளையைப் பற்றிய புதிரொன்றை விடுவிக்கவும் உதவியிருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

மூளையில் சுரக்கும் டோபமீன் என்னும் இரசாயனம் உடலசைவுக்கும் ஊக்கத்துக்கும் இன்றியமையாதது. அதனை ஆக்க இயலாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மிட்டர் குழுவினர் 1995 இல் உருவாக்கினர். அருகில் உணவிருந்தும் அவை நாடிச் சென்று உண்ணவில்லை; சில வாரங்களில் பட்டினியால் மடிந்தன. நாள்தோறும் எல்-டோபா என்னும் மருந்தைச் செலுத்திய பின்னரே உயிர் தரித்தன. உடலில் டோபமீனாக மாறும் இப்பொருள் நாமறிந்த பூனைக்காலி விதையிலும் உண்டு. அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தியை, சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசுவாமி என்னும் அறிஞர் இருவர் 1937 இல் வெளியிட்டனர்.

இத்தகைய சுண்டெலிகளால் எதையும் கற்க முடியுமா? அசையாதிருக்கும் பிராணியை எவ்வாறு சோதிப்பது? இங்கேதான் கஃபீன் கைகொடுத்தது. 2005 இல் வெளியான ஆய்வில், டோபமீன் இல்லாத சுண்டெலிகளுக்குக் கஃபீன் கொடுத்து நடமாடச் செய்தனர். பின்னர், இடமும் வலமுமாகப் பிரியும் பாதையில் விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் உணவு வைத்துப் பழக்கினர். பழக்கிய நாட்களில் அவை தேறவே இல்லை. குருட்டாம்போக்கில் இரு பக்கமும் சென்றன. ஆனால், பிறகு எல்-டோபா கொடுத்துச் சோதித்தபோது உணவிருந்த பக்கத்தையே நாடின! கல்வி உள்ளே படிந்திருந்தது. அதை வெளிப்படுத்தும் நாட்டமே இல்லாதிருந்தது.

இதனால் டோபமீன் குறைவு கல்வியைத் தீண்டுவதே இல்லை என்று கொள்ளலாகாது. உருளும் தண்டின்மீது விழாமல் நடப்பது போன்ற உடற்பயிற்சிகளில், டோபமீன் குறைந்த வேறுவகைச் சுண்டெலிகள் மெய்யாகவே பின்தங்கின.

சுண்டெலியைக் கொண்டு குழந்தையை அளந்துவிட முடியாதுதான். ஆயினும், பாடசாலையில் வினாவுக்கு விடை கூறாது நிற்கும் பிள்ளையை "மண்டு" என்று தீர்ப்பளிக்குமுன் நாம் சற்றுப் பொறுத்தல் வேண்டும். பசியோ, உறக்கமின்மையோ, அச்சமோ அதன் நாவைக் கட்டியிருக்கலாம். சொல்லாத பிள்ளை கல்லாத பிள்ளை என்று எவ்வாறு துணிவது? பெற்றோரும் ஆசிரியரும் மற்றொரு நாள், மற்றொரு விதமாக, அன்போடு கேட்டுப் பார்ப்பார்களாக.