தன்னார்வலர் என்றால் கூலி கிடையாதா?

பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாத நாளிலும் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரவேண்டும். தூக்கிக்கொண்டு ஏறுபவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். சென்னைக்குள்ளிருந்து பிடுங்கி எறியப்பட்ட சேரி மக்களுக்கு, வாசலுக்கு வரும் மருத்துவம் அவர்தான்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2024இல் ஐ.நா. விருது வாங்கியது. மாடி ஏறியவருக்கு? தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அதையும் சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், ஊக்கத்தொகையாம்! ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்துவிட்டால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., பேறுகால விடுப்பு எதுவும் தரவேண்டாம் பாருங்கள். சாவுக்குப் பறையடிக்க வைத்தபோதும் ‘ஊர்க் கடமை’ என்றுதானே சொன்னார்கள், தோழர்களே?

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்கச் சொல்லி 2013இலேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்துவிட்டது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காரும்போது, பக்கத்தில் போய் உட்காருங்கள்.