ஹப்பிளுக்கும் உண்டு டைம்டேபிள்!

ஹப்பிள் டெலஸ்கோப் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது டெஸ்க்டாப் வால்பேப்பர்தான். தூண் தூணாக நிற்கும் மேகம், நடுவில் மினுக் மினுக்கென்று நட்சத்திரம், ஓரத்தில் நாசா லோகோ... சூப்பர்தான், இல்லேங்கலை! ஆனால், இந்த வாரம் நான் பேசப்போவது அந்தப் படங்களைப் பற்றி இல்லை பாஸ். ஹப்பிளுக்கு யார் 'பீரியட்' ஒதுக்குகிறார்கள், அந்தப் பீரியடுக்கு எத்தனை பேர் க்யூவில் நிற்கிறார்கள், பாதியில் மெஷின் மக்கர் பண்ணினால் என்ன செய்வார்கள்... இதைப் பற்றி. என்னைக் கேட்டால் படத்தைவிட இதுதான் செம மேட்டர்!

முதலில் சின்னதாக ஒரு ஜாதகம். 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏறிப் போனது. மறுநாள் விண்வெளியில் இறக்கிவிட்டார்கள். கண்ணாடியின் விட்டம் 2.4 மீட்டர். நம் தலைக்கு மேல் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், 95 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. நாளைக்கு 15 ரவுண்டு. ஆரம்பத்தில் கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்ததும், 1993-ல் விண்வெளி வீரர்கள் போய் அதற்கு 'மூக்குக் கண்ணாடி' மாட்டிவிட்டு வந்ததும் நீங்கள் ஆயிரம் தடவை கேட்ட கதை. ஸ்கிப்!

95 நிமிடம் என்றால் நம்ம கணக்கில் கிட்டத்தட்ட ரெண்டு பீரியட். அதில் உருப்படியாகப் படம் எடுக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஹப்பிள் பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வானத்தில் ஒரு பெரிய பகுதியை பூமியே மறைத்துக்கொள்கிறது. தியேட்டரில் முன் சீட்டில் உட்காரும் ஆறடி ஆசாமி மாதிரி! ஆகவே, ஒரு ரவுண்டில் ஒரு நட்சத்திரக் கூட்டம் கண்ணில் படுவதே பெரும்பாலும் 50 முதல் 60 நிமிடம்தான். அதிலும் முதல் ஐந்தாறு நிமிடம் அட்டெண்டன்ஸ் எடுக்கவே போய்விடும். அதாவது, கேட்டலாக்கில் முன்கூட்டியே குறித்துவைத்த வழிகாட்டி நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, அதன் மேல் 'லாக்' ஆக வேண்டும். அந்த லாக் விழுந்துவிட்டால் அப்புறம் ஆட்டம் அசைவே கிடையாது. 320 கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு சின்னக் காசின் மேல் லேசர் புள்ளியைப் பிசகாமல் நிறுத்துகிற அளவுக்குத் துல்லியம். சென்னையில் நின்றுகொண்டு திருச்சி மலைக்கோட்டையில் வைத்த காசைக் குறிபார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்களேன்!

லாக் விழவில்லை என்றால்? ஒற்றை நட்சத்திரம் என்று நம்பிப் போனால், அது ஒட்டிப் பிறந்த ரெட்டையாக இருந்து சொதப்பிய சம்பவங்கள் உண்டு. அன்றைய படம் காலி. அந்த விஞ்ஞானி ஒரு ஃபாரம் நிரப்பி, 'ப்ளீஸ், இன்னொரு தடவை எடுத்துத் தாங்க' என்று விண்ணப்பம் போடணும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நம்ம ஊர் சப்ளிமென்டரி எக்ஸாமே தேவலை!

இன்னொரு கொடுமை, திரும்புகிற வேகம். ஹப்பிளில் ராக்கெட் இன்ஜின் கிடையாது. அதன் புகை பட்டால் கண்ணாடி பாழாகிவிடும். உள்ளே நான்கு கனமான சக்கரங்கள் இருக்கின்றன. சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் டெலஸ்கோப் எதிர்ப் பக்கம் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். வேகம் எவ்வளவு தெரியுமா? உங்கள் கடிகாரத்தின் நிமிட முள் வேகம்! 90 டிகிரி திரும்ப 15 நிமிடம். அப்படித் திரும்பும் நேரத்தையும் பூமி மறைக்கிற நேரத்திலேயே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அந்த இருட்டு நேரத்தில் கேமரா சும்மா இருக்குமா? ஷட்டரை மூடிக்கொண்டு வெறும் கறுப்பை படம் எடுக்கும். கேமராவின் சொந்தக் கோளாறு எவ்வளவு என்று தெரிந்தால்தானே நிஜப் படத்திலிருந்து அதைக் கழிக்க முடியும்!

போதாக்குறைக்கு, தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லான்டிக்குக்கும் மேலே ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் வீக். கதிர்வீச்சு கீழே இறங்கி நிற்கும். ஒரு நாளின் பல ரவுண்டுகளில் ஹப்பிள் அந்த வழியாகத்தான் போயாகணும். போகும்போது படம் எடுக்கிற வேலையை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாகக் கடந்து போய்விடும். சூரியன் இருக்கும் பக்கமும் எட்டிப் பார்க்கக் கூடாது, 50 டிகிரி தள்ளியே நிற்கணும். அதனால் புதன் கிரகத்தை ஹப்பிள் பார்ப்பதே இல்லை.

ஆக, இத்தனை 'கூடாது'களுக்கு நடுவே ஒரு வாரத்துக்கான டைம்டேபிள் போடணும். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி கேம்பஸில் இருக்கும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம்தான் அதைச் செய்கிறது. எந்த நிமிடம் எங்கே திரும்பணும், எந்த ஃபில்டர், ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருக்கணும், எல்லாமே கட்டளைகளாக மாறி, மேரிலாண்டின் கிரீன்பெல்ட்டில் இருக்கும் நாசாவின் கோடார்டு மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து நியூ மெக்ஸிகோவில் உள்ள தரை நிலையம், அப்புறம் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்து ரிலே சாட்டிலைட், அதன் பிறகு கீழே இறங்கி ஹப்பிள். இதைப் படிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு நியூஸ்: அந்தக் கட்டளைகளை நடத்தி வைக்கிற மெயின் கம்ப்யூட்டர், 1999 டிசம்பரில் மாட்டிய இன்டெல் 486. வேகம் 25 மெகாஹெர்ட்ஸ்! உங்கள் பாக்கெட்டில் இருக்கும் மொபைலைப் பார்த்து அது கும்பிடு போடும். ஆனாலும் பூமியைச் சுற்றிக்கொண்டே டைம்டேபிளை ஒரு வரி விடாமல் ஒப்பிக்குது பாருங்க, அங்கேதான் நிக்குது 486!

சரி, இந்த டைம்டேபிளில் யாருக்கு இடம்? உலகத்தில் யார் வேண்டுமானாலும் அப்ளை பண்ணலாம். அங்கே கரன்சி 'ஆர்பிட்'. ஒருவர் அஞ்சு ஆர்பிட் கேட்பார், இன்னொருவர் நூறு கேட்பார். வருடத்துக்கு ஆயிரம் விண்ணப்பம் சர்வசாதாரணம். இருப்பதைவிடப் பல மடங்கு நேரம் கேட்பார்கள். தேர்வுக் கமிட்டி உட்கார்ந்து பெரும்பாலானவர்களுக்கு 'ஸாரி' சொல்லும். பெரிய பேராசிரியர், பேமஸ் யுனிவர்சிட்டி என்றால் தானாகவே மார்க் ஏறுகிறதோ என்று அவர்களுக்கே ஒரு டவுட் வந்தது. 2018-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? நம்ம யுனிவர்சிட்டி பேப்பர் வேல்யூவேஷனில் வரும் டம்மி நம்பர் கதைதான்! விண்ணப்பத்தில் யார் பெயரும் தெரியக் கூடாது. அதுவரை வருடக்கணக்காகப் பெண்கள் தலைமையில் போன விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. பெயரை மறைத்த அந்த முதல் தடவையே பெண்கள் 8.7 சதவிகிதம், ஆண்கள் 8 சதவிகிதம். வித்தியாசம் துளியூண்டுதான். ஆனால், அந்தத் துளியூண்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனிங்க!

ஆர்.ஏ.சி. டிக்கெட்டும் உண்டு. பெரிய ஆய்வுகளை எல்லாம் நிரப்பியது போக, நடுநடுவே அங்கங்கே அரை மணி, முக்கால் மணி என்று ஓட்டை விழும். அதில் செருக சின்னச் சின்ன டார்கெட்டுகளை முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். 'ஸ்நாப்ஷாட்' என்று பெயர். கட்டாயம் எடுப்போம் என்று கேரன்ட்டி கிடையாது. இடம் கிடைத்தால் பெர்த்! நீங்கள் பார்த்து வாயைப் பிளந்த கேலக்ஸி படங்களில் சில, இப்படி வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்று உள்ளே வந்தவைதான்.

போட்டு முடித்த டைம்டேபிளைக் கிழித்துப் போட வேண்டிய நாளும் வரும். 2017 ஆகஸ்ட் 17-ல் ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்டதில் எழுந்த ஈர்ப்பு அலையைத் தரையில் இருக்கும் கருவிகள் பிடித்தன. 13 கோடி ஒளியாண்டு தூரத்து சமாசாரம். மோதலின் வெளிச்சமோ நாளுக்கு நாள் மங்குகிறது. அந்தக் கேலக்ஸி வேறு சூரியனுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாள் போனால் ஹப்பிள் அந்தப் பக்கம் திரும்பவே முடியாது. வாரத் திட்டத்தைக் கலைத்து, புதிதாகக் கட்டளை எழுதி, 22-ம் தேதி ஹப்பிள் படம் எடுத்துவிட்டது. அந்த வாரம் இடத்தை விட்டுக்கொடுத்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கு.

இப்போ சீரியஸ் மேட்டர். 2021 ஜூன் 13-ல், கருவிகளைக் கவனிக்கும் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. 1980-களில் செய்த அயிட்டம். மெமரியா, ப்ராசஸரா, பவர் சப்ளையா? கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. விண்ணோடங்கள் 2011-லேயே ரிட்டயர்டு ஆகிவிட்டன. முப்பது, நாற்பது வருடத்துப் பழைய காகிதங்களைப் புரட்டினார்கள். முன்பு ஹப்பிளில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடைசியில் பவர் கன்ட்ரோல் யூனிட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, ஜூலை 15-ல் ரிசர்வ் சாதனத்துக்கு மாற்றி, 17-ல் மறுபடி வேலையை ஆரம்பித்தார்கள். 'இந்த லேப் ரெக்கார்டை எவன் சார் திரும்பப் படிக்கப்போறான்?' என்று கேட்கும் தோழர்களே... எவனோ முப்பது வருஷம் முன்னாடி ஒழுங்கா எழுதிவச்ச ரெக்கார்டுதான் ஹப்பிளைக் காப்பாத்திச்சு!

இன்னொரு தலைவலி ஜைரோஸ்கோப். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று ஹப்பிளுக்குச் சொல்வது இதுதான். உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 தடவை சுற்றும். கெட்டியான திரவத்தில் மிதக்கும் அதற்கு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வழியாகக் கரன்ட் போகும். அந்தக் கம்பி அரித்து அறுந்தால் ஜைரோ அவுட். 2009 மே மாதம் கடைசியாகப் போன வீரர்கள் ஆறு புது ஜைரோ மாட்டிவிட்டு வந்தார்கள். அதில் மூன்று செத்துப்போனது. மிச்சம் இருந்த மூன்றில் ஒன்று 2023 நவம்பரிலிருந்து தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஹப்பிள் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'சேஃப் மோடு'க்குப் போய்விடும். 2024 மே 24-லும் அதே கதை.

ஜூன் 4-ம் தேதி நாசா அறிவித்தது: இனி ஒரே ஒரு ஜைரோ. இன்னொன்று ரிசர்வில் தூங்கும். மூன்றில் ரெண்டு நல்லாத்தானே இருக்கு, ரெண்டையும் ஓட்டலாமே என்று தோன்றும். ரெண்டில் ஓட்டினாலும் ஒன்றில் ஓட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம், அப்புறம் எதற்கு ரெண்டையும் தேய விடணும்? செம கணக்கு! விலை இல்லாமலும் இல்லை. டார்கெட்டைப் பிடிக்க முன்பைவிட நேரம் ஆகும். செவ்வாயைவிடப் பக்கத்தில் நகரும் பொருட்களைத் துரத்த முடியாது. வாரத்துக்கு 85 ஆர்பிட் வேலை நடந்த இடத்தில் 74 என்று கணக்குப் போட்டார்கள். 11 ஆர்பிட் கம்மி. எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஆனால், கமிட்டியிடம் ஸாரி வாங்கப்போகும் ஆட்களின் க்யூ இன்னும் கொஞ்சம் நீளும், இல்லையா?

காற்றே இல்லாத மாதிரி இருக்கும் அந்த உயரத்திலும் துளித் துளியாக இருக்கும் காற்று உரசி, ஹப்பிள் மெள்ள மெள்ளக் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. அதை மேலே தள்ளிவிட முடியுமா என்று 2022-ல் நாசாவும் ஸ்பேஸ்எக்ஸும் ஆராய்ந்தன. 2024 ஜூனில் 'இப்போதைக்கு வேண்டாம், ரிஸ்க் இருக்கு' என்று நாசா சொன்னது. பாதிப் பேருக்கு இதில் ஏமாற்றம். எனக்கு நாசா கட்சிதான். ஓடுகிற வண்டியை ரிப்பேர் பண்ணுகிறேன் என்று பிரித்துப் போட்டு, கடைசியில் காயலான் கடைக்கு அனுப்பிய கதைகளை எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் நிறையக் கேட்டாச்சு.

ஒரு குட்டி தகவல்: ஹப்பிளின் பாதை பூமத்திய ரேகையிலிருந்து 28.5 டிகிரி சாய்வு. அதனால் அமெரிக்காவின் பெரும்பகுதிக்குத் தலைக்கு மேல் வரவே வராது. ஆனால் தமிழ்நாட்டுக்கு வரும்! இருட்டிய கொஞ்ச நேரத்திலோ, விடிவதற்கு முன்போ நேரம் பார்த்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றால், மினுக்காமல் நகரும் ஒரு நட்சத்திரமாக வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

பார்ப்பது மட்டும் இல்லை, அது எடுத்ததை இறக்கியும் கொள்ளலாம். விண்ணப்பித்தவருக்கு வழக்கமாக ஆறு மாதம் எக்ஸ்க்ளூசிவ். அப்புறம் உலகத்துக்கே பொது. பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள், பைசா கேட்க மாட்டார்கள். பால்டிமோர் ஆர்க்கைவிலிருந்து போன மாசம் நான் ஒரு ஃபைலை இறக்கித் திறந்தேன். வால்பேப்பரை எதிர்பார்த்தால் பல்பு! வெறும் கறுப்பு வெள்ளை. படம் முழுக்கக் கீறல் கீறலாக இருந்தது. அது அத்தனையும் காஸ்மிக் கதிர்கள் சென்ஸாரில் மோதிய தடம். அதற்காகத்தான் ஒரே இடத்தை ரெண்டு மூணு தடவை எடுத்து, எல்லாவற்றிலும் இருப்பதை மட்டும் நிஜம் என்று வைத்துக்கொள்கிறார்கள். கலர் எல்லாம் வேறு வேறு ஃபில்டரில் எடுத்ததைச் சேர்த்துத் தரையில் பூசுவது.

எனக்குப் படத்தைவிட அதன் தலையில் ஒட்டியிருந்த விவரப் பட்டியல்தான் பிடித்தது. எந்த விநாடி ஷட்டர் திறந்தது, எந்த ஃபில்டர், வழிகாட்டி நட்சத்திரத்தில் எந்த மாதிரி லாக், அந்தப் படத்தை எத்தனை ஜைரோவை நம்பித் திட்டம் போட்டார்கள்... அதற்குக்கூடத் தனியாக ஒரு வரி இருக்கு!