புது டிரெஸ் போட்டா அரிக்குதா? துணியைத் திட்டாதீங்க, சாயத்தைப் பாருங்க!

2011-ல் அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ், விமானப் பணியாளர்களுக்குப் புது யூனிஃபார்ம் கொடுத்தது. கொஞ்ச நாளிலேயே அரிப்பு, தடிப்பு, கண் எரிச்சல்னு வரிசையா புகார்கள். கடைசியில் யூனிஃபார்மையே மாத்த வேண்டியதாச்சு. உடைதான் காரணம்னு கோர்ட்டில் நிரூபிக்க முடியலை. ஆனா யூனிஃபார்ம் வந்த பிறகு உடல்நலப் புகார்கள் கூடினதை 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க.

நிரூபிக்கிறது ஏன் கஷ்டம்? இந்த அலர்ஜி உடனே வராது. போட்டு ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சுதான் தோல் சிவக்கும். அதுக்குள்ள நாம சோப்பையும் சாப்பிட்ட இறாலையும் சந்தேகப்பட்டிருப்போம்!

முக்கியக் குற்றவாளி ‘டிஸ்பர்ஸ்’ வகைச் சாயங்கள். பாலியஸ்டர், நைலானுக்குப் போடுறது இதைத்தான். குறிப்பா டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கும். டிஸ்பர்ஸ் சாயம் அப்படி இல்லை, இழைக்குள்ள சும்மா உட்கார்ந்திருக்கும். வியர்வையும் உராய்வும் சேர்ந்தா தோலுக்கு இறங்கிடும். அதனாலதான் கருப்பு, கருநீல லெக்கிங்ஸ், பிளேசர் லைனிங் மேல டாக்டர்களுக்குச் சந்தேகம் அதிகம்.

இடமும் துப்பு கொடுக்கும். அக்குளின் நடுக்குழியில் அரிச்சா டியோடரன்ட்டா இருக்கலாம். குழியை விட்டுட்டு ஓரத்தில், துணி உரசும் இடத்தில் மட்டும் அரிச்சா உடையைச் சந்தேகப்படலாம். தொடையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கமும் அப்படித்தான். ஹேர் டை அலர்ஜி இருக்கிறவங்களுக்கு டிஸ்பர்ஸ் ஆரஞ்சு 3 மாதிரி சாயங்களும் ஒத்துக்காம போகலாம்.

‘அசோ ஃப்ரீ’ன்னு போட்டிருந்தா சேஃப்தானே? இங்கதான் குழப்பம். இந்தியா 1990-களிலேயே 112 சாயங்களைத் தடை செஞ்சது. ஆனா அந்தத் தடை புற்றுநோய் அபாயத்தை மனசுல வெச்சுப் போட்டது, அலர்ஜிக்காக இல்லை. அலர்ஜி தரும் டிஸ்பர்ஸ் சாயங்களை விலக்குறது ஓகோ-டெக்ஸ் 100 மாதிரி தன்னார்வச் சான்றிதழ்கள்தான். ஐரோப்பாவிலேயே பிரான்ஸும் ஸ்வீடனும் துணியில் உள்ள அலர்ஜி ரசாயனங்களைக் கட்டுப்படுத்தணும்னு 2019-லதான் முன்மொழிஞ்சாங்க.

துவைச்சுட்டுப் போட்டா ஒட்டாத சாயம் கொஞ்சம் போகும். ஏற்கெனவே அலர்ஜி வந்தவங்களுக்கு அது போதாது. தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்க: முதுகில் ஒட்டி 2 நாள் கழிச்சு எடுப்பாங்க, மறுபடி ஓரிரு நாளில் பார்ப்பாங்க. போகும்போது சந்தேகத்துக்குரிய உடையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. லேபிளில் ‘100% பாலியஸ்டர்’னு இருக்குமே தவிர, சாயத்தோட பேரு இருக்காது.