கேட்டு வாங்கினால் என்ன?

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். நாகர்கோவிலில் டிப்ளமா முடித்து, வேலை நிமித்தம் திருவனந்தபுரம் வந்து, இங்கேயே தங்கிவிட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு அருகே ஒரு சந்தில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். சிறு நிகழ்ச்சிதான். ஆனால் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நல்ல மழை பெய்தால் தம்பானூரும் பழவங்காடியும் என்ன கோலம் ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மழையில் எங்கள் வீட்டு இணைய இணைப்பு மூன்று நாட்கள் செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் இரவு பார்த்தால், ப்ளஸ் ஒன் படிக்கும் என் பேரன் எந்தத் தடையுமின்றி நுழைவுத் தேர்வுப் பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். "எப்படிடா?" என்றேன்.

"மேல்வீட்டு வைஃபை தாத்தா. பாஸ்வேர்டு அந்த அங்கிளோட போன் நம்பர்தான். சும்மா போட்டுப் பார்த்தேன், கிடைச்சிடுச்சு."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "புள்ள கெட்டிக்காரன்" என்றாள் என் மனைவி. "காத்துல வர்றதுதானே, அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது.

என்ன குறைந்துவிடும் என்ற கேள்வியை ரயில்வேக்காரன் நிறையக் கேட்டிருப்பான். டிக்கெட் இல்லாமல் பிடிபடுபவர்கள், "வண்டி எப்படியும் போகத்தானே போகுது, சீட்டும் காலியாத்தானே கிடந்தது" என்பார்கள். மேல்வீட்டுக்காரருக்கு வேகத்தில் கொஞ்சம் குறையும். மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருந்தால் அதிலும் கொஞ்சம் போகும். அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது ஒன்று. இன்னொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டில் பயணம் செய்வது வேறொன்று. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இரண்டாவதைத் தனியாக, 142-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. என் பேரன் செய்தது இந்த இரண்டாவது வகை.

ஒரு வீட்டில் பத்துக் கைபேசிகள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பொதுவாக அந்த வீட்டு ரூட்டரின் ஒரே ஓர் எண்தான் தெரியும். அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால், சேவை நிறுவனம் பணம் கட்டுகிறவரின் பெயரையும் முகவரியையும் சொல்லும். கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தது யார், சுவருக்கு அப்பால் இருந்து பார்த்தது யார் என்று அதற்குத் தெரியாது. அந்த இரண்டு இரவுகளும் என் பேரன் மேல்வீட்டுக்காரரின் பெயரில்தான் உலகம் சுற்றியிருக்கிறான். அவன் பார்த்தது இயற்பியல் பாடம். வேறு எதையாவது பார்த்திருந்தாலும் பெயர் அவருடையதுதான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போன போலீஸ் நின்ற இடம் நவி மும்பையில் சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீடு. அதில் குடியிருந்தவர் வேலைக்காக வந்து குடும்பத்தோடு தங்கியிருந்த ஓர் அமெரிக்கர். அவர் செய்த தவறு, வைஃபையைப் பூட்டாமல் வைத்திருந்தது. கணினிகளைப் பறிகொடுத்து, விசாரணைக்கு நடந்து, தேசம் முழுவதும் செய்தித்தாள்களில் பெயர் அடிபட்ட பிறகுதான் அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று தில்லியில் குண்டு வெடித்தபோது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்துதான் போனது. அந்த நிறுவனத்துக்கும் ஒன்றும் தெரியாது. இதன் பின்னரே 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வீட்டு வைஃபைகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள அன்பர்கள் இன்னொன்றை நினைவில் வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு 2007 ஜனவரியில் அங்குள்ள நீதிமன்றம் பதினெட்டு மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. ஏறக்குறைய என் பேரன் வயது. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரியவரின் அனுமதியின்றி அவர் கணினி வலைப்பின்னலுக்குள் நுழைவதை 43-ஆவது பிரிவில் குறிப்பிடுகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. இதற்காக யாரும் கோட்டைப் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அண்டை வீட்டு விஷயத்தைப் போலீஸில் தீர்த்தவன் நன்றாக வாழ்ந்ததாக நான் பார்த்ததில்லை.

தேவை இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. கோழிக்கோடு மாவட்டத்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றமே 2019-இல் சொல்லியிருக்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கைபேசியில் 'கோபுரம்' கிடைக்காமல் மொட்டை மாடியில் நின்று படித்த பிள்ளைகளை இந்தத் தெருவிலேயே கண்டேன். எர்ணாகுளம் ஜங்ஷனில் ஒரு போர்ட்டர் ஸ்டேஷன் வைஃபையில் பாடங்களைக் கேட்டே பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வில் தேறிய செய்தி 2018-இல் வந்தபோது, ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கவனியுங்கள். ஸ்டேஷனில் இலவசமாகக் கொடுக்கும் அந்த வைஃபைகூட முதலில் உங்கள் கைபேசி எண்ணைக் கேட்டு, அதற்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்பிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. இலவசம்தான், ஆனால் அவரவர் பெயரில்.

நம் தலைமுறைக்கு 'பி.பி. நம்பர்' நினைவிருக்கும். தெருவுக்கு ஒரு வீட்டில் டெலிபோன் இருந்த காலத்தில், அந்த வீட்டு எண்ணைத்தான் நாம் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தோம். எத்தனை கல்யாணச் செய்தி, எத்தனை சாவுச் செய்தி அந்த வீடுகளின் கூடத்தில் நின்று கேட்டிருக்கிறோம்! வெட்கப்படாமல் கேட்டோம், அவர்களும் முகம் சுளிக்காமல் கூப்பிட்டு விட்டார்கள். யார் வந்து பேசினார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, கேட்காமல் எடுப்பதற்கு இல்லை. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வரும் பையன் அவசரத்தில் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். கைபேசி எண், வீட்டுப் பெயர், குழந்தையின் பெயர் எதுவும் வேண்டாம். பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி இணைப்புத் திறக்கும் வசதி இருக்கிறது. அதுவும் வெளியே உங்கள் எண்ணில்தான் போகும். ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்பதாவது உங்களுக்குத் தெரியும், வேண்டாதபோது அணைத்துவிடலாம்.

மறுநாள் காலை பேரனை அழைத்துக்கொண்டு மாடியேறினேன். மேல்வீட்டுக்காரர் மலையாளி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்து, "அதினெந்தா சாரே!" என்று சொல்லி எங்களுக்குச் சாயா கொடுத்தார். அன்று மாலையே அவர் மகன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். "பாத்தீங்களா, இருந்த உறவையும் கெடுத்துட்டு வந்தீங்க" என்று என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் இணைப்புப் போயிற்று. அவருடைய பேத்தி கீழே இறங்கி வந்து, ஆன்லைன் பரீட்சை இருக்கிறது, ஒரு மணி நேரம் தருவீர்களா என்று வாசலில் நின்று கேட்டாள். என் மனைவியே காலண்டர் தாளைக் கிழித்துக் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தாள்.