மூடிய உறைக்குள் ஒரு மனிதனின் ஆயுள்!



உங்கள் கடைக்கு எடை அளவு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார். அதுவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். எடைக்கல் சரியான எடைதானா என்று அவர் பார்க்கவில்லை. "அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை" என்கிறார். இதைச் சோதனை என்று ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் உலகத்துக்கு ஜனநாயகம் போதிக்கும் நாடுகளில், நாட்டை இழந்து ஓடிவந்த அகதியின் வாழ்வு இப்படிப்பட்ட சோதனையில்தான் தீர்மானிக்கப்படுகிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நீதிமன்ற மறுஆய்வு'!

அகதிதான், ஆனால் விசா இல்லை!

ஆஸ்திரேலியாவை எடுத்துக் கொள்வோம். 2009 டிசம்பரில் இலங்கைத் தமிழர் ஒருவர் அங்கே கொண்டு வரப்பட்டார். விசாரித்த அதிகாரிகள் அவர் உண்மையான அகதியே என்று ஒப்புக்கொண்டார்கள். திரும்பிப் போனால் அவருக்கு ஆபத்து என்பதும் ஏற்கப்பட்டது. அப்புறம் என்ன? விசா கொடுக்க வேண்டியதுதானே?

கொடுக்கவில்லை. 'ஏசியோ' என்னும் உளவு அமைப்பு, "இவர் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்" என்று ஒரு மதிப்பீடு எழுதியது. நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆபத்து என்று ஏசியோ சொல்லிவிட்டால் பாதுகாப்பு விசா கிடையாது என்பது விதி. ஊருக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது, ஏனென்றால் அவர் அகதி. வேறு நாடும் ஏற்காது. உளவுத்துறை ஆபத்தானவர் என்று முத்திரை குத்திய மனிதரை எந்த நாடு வரவேற்கும்? ஆக, மிஞ்சியது முள்வேலிக்குள் தடுப்புக்காவல். எத்தனை ஆண்டு? கெடு எதுவும் கிடையாது!

கொலை செய்தவனுக்குக்கூட இத்தனை ஆண்டு என்று தீர்ப்பு உண்டு. குற்றமே சுமத்தப்படாத இந்த மனிதருக்குத் தண்டனைக்காலம் சொல்லக்கூட ஆள் இல்லை.

குடிமகனுக்கு ஒரு நீதி, அகதிக்கு ஒரு நீதியா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியக் குடிமகனைப் பற்றி ஏசியோ பாதகமாக எழுதினால், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே ஆதாரங்களைத் தோண்டிப் பார்த்து, 'இந்த மதிப்பீடு சரியா தவறா' என்றே விசாரிப்பார்கள். விசா கேட்டு நிற்கும் அகதிக்கு அந்த வாசல் அடைப்பு. அதே சட்டமே அவனை விலக்கி வைத்திருக்கிறது.

அவனுக்கு மிஞ்சியிருப்பது நீதிமன்றம். ஆனால் நீதிமன்றம் என்ன பார்க்கும்? அதிகாரி சட்டத்தின் எல்லையைத் தாண்டினாரா? குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தந்தாரா? இவ்வளவுதான். அவர் எழுதியது உண்மையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகாது. முத்திரையைப் பார்க்கும்; எடைக்கல்லைத் தொடாது!

அந்த நியாயமான வாய்ப்பாவது முழுதாகக் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. சிட்னியில் வாழ்ந்த ஈரானிய மார்க்க அறிஞர் மன்சூர் லெகாயியின் வழக்கைப் பாருங்கள். அவர் அகதியாக வந்தவர் அல்லர். ஆனாலும் அதே ஏசியோ, அதே முத்திரை. காரணம் என்ன என்று கேட்டு நீதிமன்றம் போனார். 2005இல் வந்த தீர்ப்பின் சாரம் என்ன தெரியுமா? நாட்டின் பாதுகாப்புக்காக, அவருக்குரிய நியாயமான நடைமுறை நடைமுறையில் ஒன்றுமில்லாததாகவே சுருங்கலாம் என்பதுதான். 2007இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். 2010இல் நாட்டை விட்டு வெளியேறினார். என்ன குற்றச்சாட்டு என்று கடைசிவரை அவருக்குச் சொல்லப்படவில்லை.

சகோதரர்களே! சொல்லப்படாத குற்றச்சாட்டுக்கு எந்த வக்கீல் பதில் சொல்வார்?

வென்ற வழக்கும் தோற்ற நீதியும்

மேலே சொன்ன இலங்கைத் தமிழர் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்குப் போனார். 2012 அக்டோபர் 5இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் அவர் பக்கம். அகதிக்கு விசா மறுக்கும் அதிகாரத்தையும் அதன்மீதான மறுஆய்வையும் சட்டம் ஒரு முறையில் வகுத்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போய், உளவு அமைப்பின் ஒற்றைச் சொல்லே முடிவு என்று ஒரு விதியை எழுதிக்கொள்ள முடியாது, அந்த விதி செல்லாது என்றார்கள்.

வெற்றி! ஆனால் கொண்டாட அவசரப்படாதீர்கள். விதிதான் செல்லாது என்றார்களே தவிர, மதிப்பீடு தவறு என்று சொல்லவில்லை. அவர் கேட்டபடி விடுதலை ஆணையும் கிடைக்கவில்லை. அரசு என்ன செய்தது? 2014இல் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, செல்லாமல் போன அந்த விதியை நேராகச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. நீதிமன்றம் முன்வாசலை அடைத்தது. அரசு சுவரையே இடித்துப் புதுவாசல் வைத்துக்கொண்டது!

இதற்கிடையில் உள்ளே கிடந்தவர்களின் கதி? 2013இல் ஐ.நா. மனித உரிமைக் குழு 46 அகதிகளின் முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலோர் இலங்கைத் தமிழர், ரோஹிங்கியாக்களும் இருந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது அநியாயம், காவல் சரிதானா என்று உள்ளபடி ஆராய்ந்து விடுவிக்கும் வலிமை அந்த நாட்டு நீதிமன்ற வழிகளுக்கு இல்லை என்று குழு கண்டது.

ஒரு தாயின் கதையைக் கேளுங்கள். இலங்கைத் தமிழ்ப் பெண். அகதி என்று ஏற்கப்பட்டு வெளியே வாழ்ந்தவர். 2012 மே மாதம் ஏசியோவின் ஒரு மதிப்பீட்டால் இரண்டு சிறுவர்களோடு உள்ளே போனார். மூன்றாவது குழந்தையைக் காவலில் இருக்கும்போதுதான் பெற்றார். 2015 நவம்பரில் அதே ஏசியோ தன் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டது. விடுதலை! மூன்றரை ஆண்டு ஆபத்தானவராக இருந்த தாய் ஒரே நாளில் ஆபத்தில்லாதவராகிவிட்டார்.

இது எப்படி நடந்தது? எதிர்ப்பு வலுத்ததால் 2012 கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி மார்கரெட் ஸ்டோன் தனி ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அவர் ஆதாரங்களைப் பார்க்கலாம். சிபாரிசு மட்டும் செய்யலாம். ஏசியோவைக் கட்டுப்படுத்த முடியாது. அவ்வளவு பலவீனமான கண் ஒன்று கோப்பின்மீது பட்டதற்கே, ஒருவர் பின் ஒருவராக மதிப்பீடுகள் மாறத் தொடங்கின. அப்படியானால் முதல் நாளே அதிகாரமுள்ள ஒரு நீதிபதி பார்த்திருந்தால்? அந்தப் பிள்ளைகளின் மூன்றரை ஆண்டை யார் திருப்பித் தருவார்?

"புலிகளுக்காக நாம் ஏன் அழ வேண்டும்?"

உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. "1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் அவர்கள். அந்த அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை உடுத்த துணியோடு விரட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்?"

நியாயமான வேதனை. மறக்கக் கூடாத அநியாயம். ஆனால் பொறுங்கள். சுட்டவன் இவன்தான் என்றால் பெயரைச் சொல்லுங்கள், குற்றப்பத்திரிகை போடுங்கள், கூண்டில் ஏற்றுங்கள். காத்தான்குடி மக்கள் கேட்பதும் அந்த நீதியைத்தானே! பெயர் சொல்லாத, சாட்சி இல்லாத ஒரு காகிதத்தால் தாயையும் பிள்ளைகளையும் அடைத்தால், காத்தான்குடிக்கு அதில் என்ன நீதி கிடைத்தது?

இன்னொன்றையும் கவனியுங்கள். காலவரையற்ற காவல் செல்லும் என்று ஆஸ்திரேலியாவில் 2004இல் நாலுக்கு மூன்று என்று தீர்ப்பானது யார் வழக்கில்? குவைத்தில் பிறந்த, நாடற்ற பாலஸ்தீனர் அஹ்மத் அல் காதிப் வழக்கில்! அவர்மீது பாதுகாப்புப் புகார்கூட இல்லை. அனுப்ப நாடு இல்லை, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பின் பூட்டுதான் தமிழ் அகதிகளையும் உள்ளே வைத்தது. அந்தப் பூட்டை 2023 நவம்பர் 8இல் உடைத்த வழக்கு நாடற்ற ரோஹிங்கியா ஒருவருடையது. அவர் குற்றம் செய்து தண்டனையை அனுபவித்து முடித்தவர். நல்லவர் என்று யாரும் வாதாடவில்லை. அனுப்ப வழியில்லாதவனைக் காலமெல்லாம் அடைத்து வைப்பது தண்டனை, தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்று நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னார்கள்.

பாலஸ்தீனர் தோற்றால் தமிழர் உள்ளே போகிறார். ரோஹிங்கியா வென்றால் எல்லோருக்கும் கதவு திறக்கிறது. நீதியில் 'அவன் ஆள், நம்ம ஆள்' என்று கணக்குப் பார்ப்பவன் தன் வீட்டுக் கதவையே பூட்டிக் கொள்கிறான்!

ரகசியமே கூடாது என்கிறோமா?

இல்லை. எந்த அரசுக்கும் காக்க வேண்டிய ரகசியம் உண்டு. கேள்வி, யாரிடமிருந்து என்பதுதான். தெருவிடமிருந்து மறையுங்கள், நீதிபதியிடமிருந்தும், அந்த மனிதருக்காகப் பேசும் வக்கீலிடமிருந்தும் மறைக்காதீர்கள்.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் ஏகமனதாக இதைத்தான் சொன்னது. ரகசிய ஆதாரத்தை எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளே இல்லாத விசாரணை அரசமைப்புக்கு விரோதம் என்றது. அடுத்த ஆண்டே, அரசின் ஆதாரங்களைப் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யும் சிறப்பு வக்கீல்கள் வந்தார்கள். ரகசியத்தைப் பார்த்தபின் நீதிபதியின் அனுமதியின்றித் தம் கட்சிக்காரரோடு பேச முடியாது என்ற குறை அதிலும் உண்டு. இருந்தும் பலன் என்ன? 2001 முதல் ஏழாண்டுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த சிரிய அகதி ஒருவருக்கு எதிரான பாதுகாப்புச் சான்றிதழ் 2009 டிசம்பரில் ரத்தானது!

நியூஸிலாந்தில் அல்ஜீரியாவின் அஹ்மத் ஸாவுயி. 1991 தேர்தலில் வென்றவர். 2002 டிசம்பரில் அடைக்கலம் கேட்டு வந்தார். அகதி என்று ஏற்கப்பட்டார். கூடவே 'பாதுகாப்பு ஆபத்து' சான்றிதழும் வந்தது. இரண்டு ஆண்டு சிறை, அதில் மாதக்கணக்கில் தனிமை. 2004இல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தபோது அவருக்குக் கூரை கொடுத்தவர்கள் யார்? ஆக்லாந்தின் கத்தோலிக்கத் துறவிகள்! ஆதாரங்களைத் தனி அதிகாரி ஆய்வு செய்யத் தொடங்கியபின், 2007 செப்டம்பரில் உளவுத்துறையே சான்றிதழைத் திரும்பப் பெற்றது.

நம் நாட்டிலும் மூடிய உறை வந்து போனதே! மலையாள மீடியா ஒன் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்து, காரணத்தை உறையில் போட்டு நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5இல் அதை ரத்துச் செய்தது. பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் நியாயமான விசாரணை மறைந்துவிடாது என்றது. அது குடிமக்கள் நடத்திய தொலைக்காட்சி. வாய் பேச நாடே இல்லாத அகதிக்கு அந்த நீதி எப்போது?

சிந்தியுங்கள்!

நாம் கேட்பது மூன்றே மூன்று. குற்றச்சாட்டின் சாரத்தையாவது அந்த மனிதனிடம் சொல்லுங்கள். முழு ஆதாரத்தையும் தீர்ப்பை மாற்றும் அதிகாரமுள்ள நீதிபதியிடம் காட்டுங்கள். கெடு இல்லாத காவலை ஒழியுங்கள்.

இளைஞர்களே! அடுத்த முறை "பாதுகாப்புக் காரணம்" என்ற இரண்டு வார்த்தையைச் செய்தித்தாளில் படிக்கும்போது, அடுத்த செய்திக்குத் தாவி விடாதீர்கள். யார் சொன்னது? யார் சரிபார்த்தது? இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். அந்த மனிதன் எந்த மதம், எந்த மொழி என்பதை அப்புறம் கேட்கலாம்.

வணிகர்களே! எடைக்கல்லைப் பார்க்காத இன்ஸ்பெக்டரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆதாரத்தைப் பார்க்காத தீர்ப்பையும் நம்பாதீர்கள்!