காப்புக்கு மட்டும் ஆவாரை

போகி அன்று எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்பு கட்டினார்கள். கட்டு முப்பது ரூபாய். அதற்கு மூன்று வாரம் முன்புதான், மதில் ஓரம் நான் விதை போட்டு இரண்டு வருடம் வளர்த்த பதினோரு ஆவாரஞ்செடிகளை அதே சங்கம் பிடுங்கிப் போட்டது. முதல் பூ வந்திருந்த நேரம். "தம்பி, ரோட்டோரம் மொளைக்கிறதையெல்லாம் கேட்டுக்குள்ள வெக்க முடியுங்களா?" என்றார் செயலாளர். அங்கே இப்போது கார்ப்பெட் புல். கோயம்புத்தூர் கோடையில் அதற்கு லாரித் தண்ணீர்தான் வாங்க வேண்டும்.

நமக்கு ஆவாரை மேல் பாசமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். 'ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ' என்று பொடி டப்பாவில் அச்சடித்து விற்கிறோம். சர்க்கரைக்குக் குடிக்கிறோம், முகத்துக்குப் பூசுகிறோம். பூ வேண்டும், பொடி வேண்டும், பழமொழி வேண்டும். செடி மட்டும் எங்கேயோ புறம்போக்கில் தானாக முளைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புறம்போக்கையும் பிளாட் போட்டு வித்தாச்சு.

"களைதானே, போட்டா வளரும்" என்பவர்களே, வளராது. விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓரிரவு ஊறவிடணும். புரட்டாசிக் கடைசியில் நேராக நிலத்தில் ஊன்றணும். ஆணிவேர் இறங்குகிற செடி, நாற்றுப்பையில் விட்டால் வேர் சுருண்டுவிடும். நான் முதல் தடவை பையில் வைத்து, பாசத்தில் தினமும் தண்ணி ஊத்தி, பாதியை அழுகவிட்டவன். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது ஒரு குடம் ஊற்றினால் போதும். அந்த வருடம் மேலே பெரிதாக ஒன்றும் வளராது, வேர்தான் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வருடத்தைத்தான் நம் ஆட்களால் பொறுக்க முடிவதில்லை.

ஆர்வக்கோளாறில் பொய்யும் சொல்லக்கூடாது. பயறுக் குடும்பம்தான், ஆனால் வேர்முடிச்சு வைத்துத் தழைச்சத்து சேர்க்காது. பூவில் தேனும் கிடையாது. மகரந்தத்துக்காகவே கருவண்டு வந்து பூவைப் பிடித்து ரீங்கரித்து உதிர்க்கும், காலையில் நின்று கேட்கலாம். "புழு வருது" என்பது சங்கத்தின் இரண்டாவது புகார். வரத்தான் செய்யும். வெளிர் வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்த இலையில் முட்டையிடுகிறது. புழுவும் பூச்சியும் எட்டிப் பார்க்காத பச்சை வேண்டும் என்றால் கோனோகார்பஸ் இருக்கிறது. அதை வரிசை வரிசையாக நட்ட குஜராத், 2023-ல் இனி நடவே கூடாது என்று தடை போட்டது.

மாசியில் பொதுக்குழு. தீர்மானம் எழுதிவிட்டேன்: தெற்கு மதில் ஓரம் நாலடி அகலம், மூன்று வருடம், குடத்துத் தண்ணீர் என் செலவு. அதற்குள் பூக்காவிட்டால் நானே பிடுங்கிவிடுகிறேன். விதை அரை டப்பா மிச்சமிருக்கிறது.